கௌரியின் நாலு நிமிடம்

என் மனைவி சிவகௌரி ஓப்பரா பாடுகிறவள். அப்படிச் சொன்னால் லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் ஆட்கள் உடனே கேட்பது, "அது சரி, வேலை என்ன?" என்றுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதுதான் வேலை என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன்.

எண்பத்தொன்றில் யாழ்ப்பாணத்திலிருந்து கணக்கியல் படிக்க வந்தவள் அவள். கவுன்சில் நடத்திய மாலை வகுப்பொன்றுக்குக் குளிருக்கு ஒதுங்கப் போய், வெள்ளைக்காரர் பாட்டுப் படித்தாள். பாட்டு ஆசிரியை பியற்றிஸ் இரண்டாம் நாளே பியானோவை நிறுத்திவிட்டு, இந்தக் குரலை வைத்துக்கொண்டா கணக்கு எழுதப் போகிறாய் என்று கேட்டாராம். நாலு வருடம் கழித்துக் கடைசிப் பரீட்சையை எழுதாமலே ஓர் ஓப்பரா கொம்பனியின் கோரஸில் சேர்ந்தாள். கன்னியாஸ்திரி, சூனியக்காரி, சந்தையில் மீன் விற்கிறவள் என்று அவள் போடாத வேஷமில்லை. எல்லாம் நாற்பது பேரோடு கூட்டத்தில்தான். அதில் அவளுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. காலையில் கொத்தமல்லித் தண்ணீர் குடித்துவிட்டுக் குளியலறையில் பாடிப் பழகுவாள். மேல்வீட்டுக்காரர் கூட்டுகிற தும்புத்தடியால் தரையை இடிப்பார். அவள் இன்னும் கொஞ்சம் ஏற்றிப் பாடுவாள்.

குறையெல்லாம் தகப்பனாருக்குத்தான். மாமா அம்பலவாணன் ஊரில், கொடிகாமத்தில், ரயில்வே ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவர். மகள் பரீட்சையை விட்ட செய்தி கிடைத்த நாளோடு அவளுடன் பேச்சை நிறுத்திவிட்டார். தொண்ணூறில் லண்டனுக்கு, வால்தம்ஸ்டோவில் மகன் வீட்டோடு வந்து சேர்ந்த பிறகும் அதே கதைதான். எங்கள் வீட்டுக்கு வருவார், சாப்பிடுவார். "தம்பி, கொஞ்சம் தண்ணி தரச் சொல்லும்" என்பார் என்னிடம். அவள் பக்கத்திலேயே நிற்பாள். இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரன் வேலை பார்த்து எனக்கு அலுத்துப்போயிருந்தது.

தொண்ணூற்றைந்து ஜனவரியில் அவளுக்குத் தனிப்பாட்டு ஒன்று கிடைத்தது. முதல் அங்கத்தில் ராணியின் தாதியாக வந்து, நாலு நிமிடம் பாடிவிட்டுச் செத்துப்போக வேண்டும்.

"அப்பா இதைக் கேட்டால் காணும், இஞ்சாருங்கோ" என்றாள். "பிறகு ஆயுளுக்கும் கூட்டத்துக்கை நிண்டு பாடுவன்."

நான் போய்க் கெஞ்சினேன். மாமா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எத்தினை மணிக்குத் தொடங்குவினம்?"

"ரெண்டு மணிக்கு, மாமா. பிளேஸ்டோவிலை யோகராஜா கடையடியிலை இருந்து பதினொண்டுக்குக் கோச் வெளிக்கிடும்."

அது பொய். நான் வாடகைக்குப் பிடித்த கோச் பஸ் வெளிக்கிடுவது பன்னிரண்டரைக்கு. கலியாணமோ சாமத்தியவீடோ, அழைப்பிதழில் போட்ட நேரத்துக்கு எங்கள் சனம் வந்து நான் கண்டதில்லை. ஒன்றரை மணி நேரம் முன்தள்ளிச் சொன்னால்தான் சரிவரும். அவள் பாட்டைக் கேட்க வரவிருந்த எங்கள் ஆட்கள் நாற்பது பேருக்கும் அப்படியே சொல்லிவைத்தேன். அதில் ஒருவர் ஸ்டேசன் மாஸ்டர் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

அந்தச் சனிக்கிழமை பன்னிரண்டேகாலுக்கு நான் போய் இறங்க, யோகராஜா கடை வாசலிலேயே மறித்தான்.

"உங்கடை மாமா பத்தேமுக்காலுக்கே வந்திட்டார், அண்ணை. உள்ளுக்கு வந்து இருங்கோ எண்டன், வரேல்லை. பன்னிரண்டு அடிக்கப் போயிட்டார். நல்ல கோவம்."

அவர் வீட்டுக்கு போன் அடித்தேன். அவர் மகனும் ஷிப்டுக்குப் போயிருந்தான், எடுக்க ஆளில்லை. மாமாவின் டிக்கெட் என் சட்டைப்பையில் கிடந்தது. சனம் ஆடி அசைந்து வந்து ஏற, வழியில் தின்னக் கொண்டுவந்த ரோல்ஸ் வாசத்தோடு கோச் புறப்பட்டது.

அரங்கில் என் பக்கத்துக் கதிரை வெறுமையாகவே இருந்தது. கௌரி மேடைக்கு வந்ததும் அவள் பார்வை ஒருதரம் அந்தக் கதிரைக்குப் போய் மீண்டது. பிறகு பாடினாள். ஒரு பிசகும் இல்லை. நாலு நிமிடமும் நான் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

இடைவேளை விட்டதும் கட்டடத்தின் பின்பக்கம், நடிகர்கள் வந்துபோகும் கதவடிக்கு ஓடினேன். அங்கே குடையும் கையுமாக மாமா நின்றார்.

"உம்முடைய கோச் எத்தினை மணிக்கு வெளிக்கிட்டது?"

"பன்னிரண்டரைக்கு, மாமா" என்றேன்.

"நான் ரெயினிலை வந்தன். நிண்டு பாக்கிற டிக்கெட்தான் கிடந்தது. மேல் தட்டிலை நிண்டு பாத்தன்."

கதவு திறந்தது. தாதி உடுப்புக்கு மேல் கோட்டைப் போர்த்திக்கொண்டு கௌரி வந்தாள். அவரைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். மாமா வழக்கம்போல என் பக்கம்தான் திரும்பினார்.

"ரெண்டு மணி எண்டால் ரெண்டுக்குத் தொடங்கிறாங்கள்" என்றார். பிறகு, பத்து வருடத்துக்குப் பிறகு, அவளைப் பார்த்தார். "வாத்தியக்காரருக்கு முன்னாலை நிண்ட அந்த மனுசன் கையைக் காட்ட முதலே நீ மூச்சை எடுத்து ஆயத்தமாய் நிண்டாய். ஒரு செக்கன் பிந்தேல்லை."

அவளுக்குப் பூசியிருந்த பவுடரெல்லாம் கரைந்து வழிந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது.

"இந்தக் குளிருக்கை நிக்கிறியள். தண்ணி ஏதும் வேணுமோ, அப்பா?"

பழக்கதோஷத்தில், அவர் பதிலை வாங்கிச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை.

"ஓம் பிள்ளை, கொண்டா" என்றார்.