உஷாவுக்கு வராத எழுத்து

ஈப்போவில் பேச்சுப் பயிற்சியாளர் என் மகளிடம், “நாக்கு நுனிய பல்லுக்குப் பின்னால வச்சு ஊதும்மா, ஸ் வரும். கொஞ்சம் உள்ள இழுத்தா ஷ்” என்றார். அவளுக்கு உடனே வந்துவிட்டது.

எனக்கு எங்கள் ரப்பர்த் தோட்டப்பள்ளி வாத்தியார் ஞாபகம் வந்தது. என் அக்கா உஷாவுக்குத் தன் பெயரே ‘உசா’ என்றுதான் வரும். அவளைப் பெஞ்சில் ஏற்றி, “பால்மரக்காட்டு நாக்குல ஷ எப்படி வரும்?” என்று வகுப்பைச் சிரிக்கவைப்பார் அந்த மேதாவி. நாக்கை எங்கே வைப்பது என்று ஒருநாளும் சொன்னதில்லை, அவருக்கே தெரியாது.

ஒருநாள் அக்கா, “ஒங்களுக்கு வருதுல்ல சார், நீங்களே சொல்லிக்குங்க லா” என்று இறங்கிப் போனாள். படிப்பு அத்தோடு முடிந்தது.

போன வருடம் பீடோர் சந்தையில் என்னைப் பார்த்த அந்த வாத்தியார், “உசா நல்லா இருக்காளா?” என்று இளித்தார். பதில் சொல்லத் தகுந்த ஆளாக எனக்கு அவர் தெரியவில்லை. மீன்காரர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.