முழங்கையில் ஓடிய தண்ணீர்

சேக் இஸ்மாயிலைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதி குறைந்தவன் மதுரையில் கிடையாது. நான் ஐந்தாம் வகுப்பை மூன்று தரம் படித்தவன். அவனோ கூரையைப் பார்த்தபடியே கணக்குப் போட்டுவிடுவான். ஓட்டில் விடை எழுதியிருக்கிறதோ என்று நானும் பல நாள் அண்ணாந்து பார்த்திருக்கிறேன்.

கோரிப்பாளையத்தில் அவன் அத்தா குடை ரிப்பேர் செய்பவர். இஸ்மாயில் தினமும் வைகை மணலைக் கடந்து எங்கள் பள்ளிக்கு வருவான்.

பள்ளியில் தண்ணீர்ப் பானை, வகுப்பை மேய்க்கும் மாணவனான சட்டாம்பிள்ளையின் பொறுப்பு. நாங்கள் குனிந்து கைகளைக் குவிப்போம். அவன் செம்பை உயரத் தூக்கி ஊற்றுவான். போன வருஷம், முப்பத்தாறாம் வருஷக் கோடையில், விருமாண்டி சட்டாம்பிள்ளை. ஒருநாள் நான்தான் அவனிடமிருந்து செம்பை வாங்கி, இஸ்மாயிலின் வாய்க்குப் போகாமல் முழங்கை வழியே தண்ணீரை ஓடவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். இஸ்மாயிலும் சிரித்தான். அன்றோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பார்த்து எழுதக் கணக்கைக் காட்ட மாட்டேன் என்று இஸ்மாயில் தன்னிடம் சொன்னதிலிருந்து, விருமாண்டி தினமும் அதையே செய்தான்.

"என்ன மாப்ள, அம்புட்டையும் முழங்கையே குடிச்சிருச்சா?"

பழக்கத்தில் நானும் சிரித்தேன். இஸ்மாயில் சிரிப்பை நிறுத்தியிருந்ததைக் கவனிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அவன் தொப்பியைப் பறித்துக்கொண்டு ஓடலாம் என்று பின்னாலேயே போனேன். ஆறு தூங்குவதுபோல் கிடந்தது. மணலில் வெளுத்த வேட்டிகள் காய்ந்தன. காற்று வரும்போது அவை மட்டும் மூச்சுவிட்டன. இஸ்மாயில் மண்டியிட்டுக் கையால் ஊற்றுத் தோண்டினான். நீர் ஊறும்வரை காத்திருந்து குடித்தான். மறுபடி காத்திருந்தான். மறுபடி குடித்தான். தொப்பி எட்டும் தூரத்தில்தான் இருந்தது. என் கை நீளவில்லை.

"காலையிலேருந்து குடிக்கலையாடா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

"யார்ட்டயாவது சொல்ல வேண்டியதுதானே?"

"பிராது எல்லாம் சட்டாம்பிள்ளைகிட்டத்தானே சொல்லணும்? சொன்னேன்."

"விருமாண்டிகிட்டயேவா?"

"எழுதிக்கிறேன்னான்." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அத்தாகிட்ட சொல்லிட்டேன். திங்கக்கெழமையிலேருந்து கடைக்குப் போறேன். இனிமே படிப்பு வேணாம்."

மறுநாள் காலை பெரிய வாத்தியார் வீட்டு வாசலில் நின்றேன். வேப்பங்குச்சியோடு வந்தார்.

"என்னடா மொக்கையா, இன்னிக்கு யார் வீட்டு ஆட்டை அவுத்துவிட்ட?"

"இது வேற சார். ஆரம்பிச்சதே நான்தான்" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"எம்புட்டு நாளா நடக்குது?"

"ஒரு மாசம் சார்."

"நீ சிரிச்சியா?"

"சிரிச்சேன் சார்."

குச்சியை எறிந்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கோரிப்பாளையத்துக்கு நடந்தார். பத்தடி தள்ளி நான். குடைக்கடையில் இஸ்மாயிலின் அத்தா எழுந்து நின்றார்.

"உக்காருங்க பாய். உங்க பையன் மேல தப்பில்ல, தப்பு எங்க பள்ளிக்கூடத்துல. அவனை அனுப்பி வைங்க."

அத்தா மகனைப் பார்த்தார். குடைக்கம்பியைப் பிடித்தபடியே இஸ்மாயில் கேட்டான்:

"தண்ணி யாரு சார் ஊத்துவா?"

"நான் ஊத்துறேன்" என்றார் பெரிய வாத்தியார்.

திங்கட்கிழமை முதல் விருமாண்டி சட்டாம்பிள்ளை இல்லை. எனக்கு ஆறு பிரம்படி கிடைத்தது, நியாயமான கணக்குதான். இஸ்மாயில் வந்தான். எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்தான். இன்றுவரை அவன் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் என்ன, வந்துவிட்டானே.