கடைசியில் வருகிறவன் முதலில் வந்த நாள்

பேஸ்போல் ஒரு விசர் விளையாட்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முக்கால்வாசி நேரம் ஒன்றும் நடக்காது. ஒருவன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பான், இன்னொருவன் தடியைப் பிடித்துக்கொண்டு துப்புவான், மிச்சப் பேர் புல்லைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சுவிஸில் இப்படி ஒன்றை விளையாடுகிறார்கள் என்பது சுவிஸ்காரரிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. எங்கள் மேல்வீட்டுப் பெடியன் அதற்குள் போய் விழும்வரை எனக்கும் தெரியாது.

பேர்ணுக்குப் பக்கத்தில், ஓஸ்டர்முண்டிகனில் எனக்கு நேர் மேலே அவனும் தாயும் இருக்கிறார்கள். தாய் முதியோர் இல்லத்தில் வேலை. சனி ஞாயிறு என்றால் அவள் தலையில்தான் கட்டுவார்கள். மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிசி. அதனால் மகன் விளையாடுவதை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. "அக்கா, நீயாவது ஒருக்காப் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லன்" என்று கேட்டாள். போனேன். ஆறு கோடையாகப் போய்க்கொண்டிருக்கிறேன். ஞாயிறு இரவு அவள் வேலை முடிந்து வந்து என் குசினியில் இருந்து தேத்தண்ணி குடிப்பாள். நான் கதை சொல்வேன்.

பெடியன் பந்து எறிகிறவன். ஆனால் ஆட்டத்தைத் தொடங்குகிறவன் இல்லை. தொடங்குகிறவன் வேறு ஒருத்தன், வாட்டசாட்டமானவன். அவன் களைத்து, எதிராளிகள் வெளுத்து, மைதானத்தின் மூன்று மூலையிலும் அவர்களுடைய ஆள் ஓட்டத்துக்கு ஏறி நின்று, இனி நாசம் என்ற கட்டத்தில்தான் கோச் எங்கள் ஆளைக் கூப்பிடுவார். மற்றவன் கொட்டிய குழம்பை இவன் துடைக்க வேண்டும். நான் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறவள். எனக்கு உடனே விளங்கியது.

இன்னொரு வசதியும் இருந்தது. அவன் கடைசியில்தான் வருவான், நாங்களும் கடைசியில்தான் போவோம். ஒரு மணிக்கு ஆட்டம் என்றால் மூன்று மணிக்குப் போய் இறங்கினால் போதும். தமிழருக்கென்றே செய்த விளையாட்டுக்காரன்.

நாங்கள் என்றால் நானும் பஸ் அண்ணையும்தான். அண்ணை பேர்ணில் பஸ் ஓட்டுகிறார். வேலையில் ஒரு நிமிடம் பிந்த மாட்டார். பின்னால் ஓடி வருகிறவன் முகத்துக்கு நேரே கதவை மூடிவிட்டுப் போவார். அதே மனிதர் கலியாண வீட்டுக்குப் பந்தி முடியப் போவார். கேட்டால், "அது டீன்ஸ்ட், கடமை. இது எங்கடை விசயம்" என்பார்.

முதல்நாள் அண்ணைக்குப் பெரிய வெட்கம். கிரிக்கெட் பைத்தியம் அவர். பெடியன் எறிந்த முதல் பந்தைக் கண்டதும் தலையில் கை வைத்துவிட்டார்.

"முழங்கையை மடக்கிறான். எங்கடை பெடியன் களவாப் போடுறான்."

"எல்லாரும் அப்பிடித்தான் எறியினம் அண்ணை."

"அப்ப எல்லாரும் கள்ளர்."

இரண்டு கோடை இதையே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு, கடைசி ஓவர் போடுகிறவன் மாதிரிதான் இவன் என்று ஒரு முடிவுக்கு வந்து சமாதானமானார். பக்கத்தில் இருக்கும் சுவிஸ்காரருக்கும் அதைக் கேளாமலே விளங்கப்படுத்துவார்.

கூப்பிடும்வரை பெடியன் கம்பி வேலியோரம் ஒரு மர வாங்கில் தனியே குந்தியிருப்பான். நான் வேலிக்கு மேலால் ஆட்டிறைச்சி ரோல்ஸ் கொடுப்பேன். ஒரு முறை அவன் தின்றுகொண்டிருக்கும்போதே கோச் கூப்பிட்டுவிட்டார். பாதியை வாயில் தள்ளிக்கொண்டு போனான். மூன்றாவது பந்தோடு நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். பந்தை மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். அவன் கையையும் மணந்து பார்த்தார். பந்தில் எதையாவது பூசினால் குற்றமாம். எதிரணிக் கோச்சும் ஓடிவந்து மணந்தார். நான் வேலியோரம் நின்று, "அது பூச்சு இல்லை, சாப்பாடு" என்று ஜெர்மனில் கத்தி, சாட்சிக்கு மிச்ச ரோல்ஸைத் தூக்கிக் காட்டினேன். நடுவர் ஒன்றைத் தின்றார். ஆட்டம் தொடர்ந்தது. அதற்குப் பிறகு கை துடைக்க நான் ஈரக் கடதாசி கொண்டு போகாத நாள் இல்லை.

அவன் நடந்து வருகிற விதம் எனக்குப் பிடிக்கும். ஆடு திருடிய பழி தன்மேல் இல்லை என்று தெரிந்தவன் மாதிரி, அவசரமில்லாமல் வருவான். பந்து எறியும் மேட்டில் ஏறி ஒருமுறை வானத்தைப் பார்ப்பான். முகத்தில் ஒன்றும் இருக்காது. வென்றாலும் அதே முகம், தோற்றாலும் அதே முகம். சிரித்து நான் கண்டதில்லை. "பல்லு வருத்தமோ உனக்கு?" என்று ஒருநாள் கேட்டேன். "இல்லை அன்ரி, மூண்டு பேஸிலையும் ஆள் நிக்கேக்கை என்னத்தைச் சிரிக்கிறது?" என்றான்.

இந்த வருடம் அவனுக்கு லோசானில் வேலை கிடைத்தது. ரயிலில் போனால் ஒரு மணித்தியாலச் சொச்சம். தாய் அழுத அழுகையைப் பார்த்தால் அவனை நிலாவுக்கு அனுப்புகிறார்கள் போல இருந்தது. அங்கே சனி ஞாயிறும் வேலை, ஆகவே விளையாட்டு முடிந்தது. கடைசி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாய் வாழ்க்கையில் முதல் தடவையாக மேலாளரிடம் மாட்டேன் என்று சொல்லி லீவு எடுத்தாள்.

பெடியன் என் கதவைத் தட்டி, "அன்ரி, இந்த முறை ஒரு மணிக்கு வாங்கோ. சரியா ஒரு மணிக்கு" என்றான்.

"நீ எப்ப வருவாய் எண்டு எனக்குத் தெரியாதோ?" என்று அனுப்பிவிட்டேன்.

தாயிடம், இரண்டரைக்கு அண்ணையின் காரில் போவோம், வெளிக்கிட்டு நில் என்றேன். அண்ணை பொன்னாடை வாங்கி வைத்திருந்தார். நான் ரோல்ஸ் பொரித்தேன். இரண்டரைக்கு மேலே போய் மணி அடித்தால் ஆள் இல்லை. தனியே பஸ்ஸில் போய்விட்டாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. ஒன்றும் தெரியாதவள் அங்கே போய் இரண்டு மணித்தியாலம் வெயிலில் காயப் போகிறாளே என்று அண்ணையிடம் வழி முழுக்கப் பேசினேன்.

மைதானத்தில் தாய் முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"ஏன் தனியா வந்தனி?"

"ஒரு மணி எண்டு பிள்ளை சொன்னவன் அக்கா."

"அவன் சொல்லுவான். இனித்தான் வருவான், பார்."

"திரும்பவும் வருவானோ?" முகம் மலர்ந்துவிட்டது.

திரும்பவும் என்ன திரும்பவும், விளையாட்டுத் தெரியாத மனிசி என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். வேலியோர வாங்கு வெறுமையாக இருந்தது, எங்காவது கை சூடாக்கப் போயிருப்பான் என்று நினைத்தேன். இது யார், அது என்ன என்று விளங்கப்படுத்தினேன். அவளும் தலையாட்டிக் கேட்டாள்.

ஆட்டம் எங்களுக்கென்றே செய்த மாதிரிப் போனது. கடைசி இன்னிங்ஸ், எங்கள் அணி ஒரே ஒரு ஓட்டம் முன்னால், மூன்று மூலையிலும் எதிராளி. அண்ணை பொன்னாடையைப் பெட்டியிலிருந்து எடுத்து மடிப்பை நீவினார். கோச் கையைக் காட்டினார். ஓடி வந்தது வேறு ஒருவன். செம்பட்டைத் தலைச் சின்னப் பெடியன், மீசைகூட முளைக்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. வேலியோரம் போய் நின்று கோச்சைக் கூப்பிட்டேன். ஆறு வருடம் உங்கள் குப்பையை அள்ளியவனுக்குக் கடைசி நாளில் ஒரு பந்து கொடுக்க மனம் வரவில்லையா, மனிதனா நீ என்று கேட்டேன். ஜெர்மனில்தான் கேட்டேன், ஆனால் தமிழ்ச் சத்தத்தில்.

கோச் வந்து, அவன் எறிந்துவிட்டான் என்றார்.

"எப்போது?"

"ஒரு மணிக்கு. இன்று அவன்தான் தொடங்கினான். அவனுக்கு எங்கள் மரியாதை அது."

"அப்படியென்றால் இன்னொருமுறை அனுப்பு."

வெளியே எடுத்தவனைத் திரும்ப உள்ளே விட முடியாதாம், சட்டமாம். ஒரே ஒரு பந்து என்றேன். முடியாது என்றார். எந்த விசரன் எழுதிய சட்டம் என்றேன். நடுவர் வந்து, இன்னொரு சொல் சொன்னால் என்னை மைதானத்தை விட்டு வெளியேற்றுவேன் என்றார். என் ரோல்ஸைத் தின்ற அதே நடுவர்.

அப்போதுதான் கண்டேன். பெடியன் விளையாட்டுக்காரர் வாங்கில், தோளில் ஐஸ் கட்டிக்கொண்டு இருந்தான்.

"ஏனடா சொல்லேல்லை?"

"ஒரு மணி எண்டு சொன்னனான் அன்ரி."

"தொடங்கப் போறன் எண்டு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் மேளத்தோடை வருவியள் எண்டு பயந்தனான்."

செம்பட்டைத் தலை எப்படியோ ஆட்டத்தை வென்று தந்தது. நான் கைதட்டவில்லை. முடிந்ததும் அண்ணை பொன்னாடையை ஐஸ் பொதிக்கு மேலாலேயே போர்த்தினார். அது நனைந்து தோளோடு ஒட்டிக்கொண்டது. அணிக்காரர் ரோல்ஸ் எல்லாவற்றையும் முடித்தார்கள். நடுவருக்கு நான் கொடுக்கவில்லை.

பெடியன் நண்பர்களோடு நின்றுவிட்டான். தாய் எங்களோடு காரில் வந்தாள். பின்சீட்டில் நானும் அவளும். நடுவில் பொன்னாடைப் பெட்டி. கார் வெளிக்கிட்டதும் கேட்டேன்.

"சரி, சொல்லு. என்ன நடந்தது?"

"எனக்கு என்ன தெரியும் அக்கா. நீங்களெல்லோ விளையாட்டுத் தெரிஞ்ச ஆக்கள்."

"கண்டதைச் சொல்லு."

"முதல்லை மேட்டிலை ஏறி மேலை பார்த்தான்."

"அது தெரியும். பிறகு?"

"ஒருத்தன் தடியோடை வந்தான். சுழட்டினான், படேல்லை. திரும்பிப் போயிட்டான். பிறகு இன்னொருத்தன். அவனும் போயிட்டான். மூண்டாவது ஆள் அடிச்சான், பந்து நேரா மேலை போச்சு. பிள்ளையே பிடிச்சிட்டான். எல்லாரும் எழும்பி நிண்டு கைதட்டிச்சினம். நானும் எழும்பினன்." கொஞ்சம் யோசித்தாள். "பிள்ளை சிரிச்சான்."

"ஆர் சிரிச்சது?"

"அவன்தான். எறிய முதலும் சிரிச்சான், பிறகும் சிரிச்சான். முழுக்கச் சிரிச்ச முகம்தானே."

அண்ணை கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன். மூலைகளில் ஒருவனும் இல்லாத நேரத்தில், யாரும் எதையும் கொட்டி வைக்காத நேரத்தில், அவன் அந்த மேட்டில் நின்றது அன்று ஒரு நாள்தான். ஆறு கோடை பார்த்த எனக்கு அது கிடைக்கவில்லை.

"எப்பிடி எறிஞ்சவன்?" என்றேன்.

"இப்பிடி" என்று வெறும் பொன்னாடைப் பெட்டியைத் தூக்கிக் கையை ஓங்கினாள். அது பறந்து போய் அண்ணையின் காதில் பட்டது.

"தங்கச்சி, நீரும் மடக்கித்தான் எறியிறீர்" என்றார் அண்ணை.

"நீங்கள் ரோட்டைப் பாருங்கோ அண்ணை" என்றேன். பெட்டியை எடுத்து அவள் கையில் திரும்பக் கொடுத்தேன். "முதல்லையிருந்து சொல்லு. மேட்டிலை ஏறினான். பிறகு?"