மோர்மிளகாயும் மெக்சிகோ மாமாவும்

எண்ணெயில் மோர்மிளகாய் பொரியும் நெடி... எங்கள் திருவல்லிக்கேணி மெஸ்ஸில் அது கிளம்பினால் தெருவே இருமும். நாற்பதுகளின் கடைசி. அப்போது நான் சின்னப் பெண்.

மாடி அறையில் ஒரு மெக்சிகோ குத்துச்சண்டைக்காரரைக் கார்னிவல் கம்பெனி தங்க வைத்திருந்தது. உடைந்து கோணிய மூக்கு. மீசை முளைக்கும் முன்பே கையுறை மாட்டியவராம். ஊர் ஊராகச் சண்டை போட்டு, கப்பலேறி, வயசும் ஏறி, கடைசியில் மெட்ராஸ். பேர் வாயில் நுழையாததால் எனக்கு அவர் மெக்சிகோ மாமா.

ஞாயிற்றுக்கிழமை நம்மூர் பாக்ஸரோடு சண்டை. ஜெயித்தால் ஊருக்குக் கப்பல். தோற்றால் கம்பெனி அவரை இங்கேயே கழற்றிவிட்டுப் போய்விடும்.

மனுஷரோ நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தார். காரணம், எங்க அப்பாவின் உபசாரம்! போர்க்காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குச் சமைத்தவர். அதே பழக்கத்தில் மாமாவுக்கும் மூன்று வேளையும் பிரெட், அவித்த உருளைக்கிழங்கு. பாவம், பாதியிலேயே தட்டை நகர்த்திவிடுவார்.

"தொர வயிறு காரம் தாங்காதுமே. அவரு படுத்துகினா நம்ம தலதான் உருளும்" என்று அம்மாவை மிரட்டி வைத்திருந்தார் அப்பா.

வெள்ளிக்கிழமை, அவர் வந்தபிறகு முதல்முறையாக, அம்மா மோர்மிளகாய் வறுத்தாள். தடதடவென்று மாடியிலிருந்து இறங்கி நேராகச் சமையலறைக்கு வந்தார் மாமா. அம்மா பயந்து சுவரோரம் ஒதுங்கினாள். அவர் ஒரு மிளகாயை எடுத்து... கறுக்!

கண்ணை மூடிக்கொண்டார். பிறகு இன்னொன்று.

அப்பா ஓடி வந்தார். "அய்யய்யோ, இன்னாமே குடுத்த?"

"நான் எங்க குடுத்தேன்? அவரே எடுத்துக்கினாரு. மொதல்ல சோத்தப் போடுய்யா, மனுசன் பசியில கீறாரு!"

அன்றிலிருந்து எங்களோடு தரையில் உட்கார்ந்து, குழம்பும் சோறுமாக ஒரு பிடி பிடித்தார்.

ஞாயிறு ராத்திரி அப்பா குதித்துக்கொண்டே வந்தார். "ஒரே குத்துமே! நம்மூர்க்காரன் மல்லாந்துட்டான்!" சொந்த ஊர்க்காரன் தோற்றதற்கு இத்தனை சந்தோஷம்!

மாமா கப்பலேறும்போது அம்மா மோர்மிளகாய்ப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அதன்பிறகு, "பாக்ஸர் துன்ன மெஸ்ஸு" என்று தேடி வந்த கூட்டம் நிற்கவேயில்லை. என்னைப் படிக்க வைத்தது அந்தக் கூட்டம்தான்.

போன வாரம் அடையாறில் ஒரு மெக்சிகன் ரெஸ்டாரன்டுக்கு மகள் கூட்டிப்போனாள். இந்தக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா, மிளகாயே அவங்க ஊர்ப்பக்கத்துலேருந்துதான் நம்மூருக்கு வந்துச்சு!"

நாங்கள்தான் அவருக்குச் சோறு போட்டோம் என்றல்லவா இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன்!

ரொம்ப நன்றி, மாமா. அந்த அவித்த உருளைக்கிழங்குக்காக எங்க அப்பாவை மன்னித்துவிடுங்கள்.