வக்கீல் வண்டியின் ஹீட்டர்

ஆந்திரா தனியாகப் பிரிந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். சித்தூரில் வேலூர் ரோட்டோரம் சொந்தமாக ஒரு மெக்கானிக் ஷெட் வைத்திருந்தேன். புத்தூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. எந்தத் தாலுகா மெட்ராஸுக்கு, எந்தக் கிராமம் ஆந்திராவுக்கு என்று டீக்கடையில் பேச்சு தொடங்கினால் கைகலப்பில்தான் முடியும். அதில் தொண்டை கிழியக் கத்தினவர்களில் நானும் ஒருவன்.

என்னிடம் வாடிக்கையாக வரும் வக்கீல் ஒருவர் பழைய இங்கிலீஷ் கார் வைத்திருந்தார். சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரர் ஊட்டியில் ஓட்டிய வண்டி அது. மலைக்குளிருக்காக அதில் ஹீட்டர் இருந்தது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இன்ஜினில் சூடாகிற தண்ணீரில் கொஞ்சத்தை ஒரு சின்னப் பெட்டிக்குள் சுற்றவிட்டு, அதன் மேல் காற்றை ஊதி உள்ளே தள்ளுவார்கள். சித்தூர் வெயிலில் அந்தப் பெட்டியைப் பார்த்தால் எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும்.

வக்கீலின் மனைவிக்கு நெஞ்சில் நோய் வந்தபிறகு அந்தச் சிரிப்பு நின்றது. மதனப்பள்ளி பக்கத்து மேட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் ஒன்றரை வருஷமாக அந்தம்மா இருந்தார். அதற்குள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, தை மாசத்தில். டாக்டர் ஒரே ஒரு நாள்தான் அனுமதி கொடுத்தார். விடிகாலை கிளம்பி, முகூர்த்தம் முடிந்ததும் சாயங்காலத்துக்குள் திரும்பிவிட வேண்டும், வழியில் குளிர்காற்று மேலே படவே கூடாது.

அந்தம்மா வந்தே ஆக வேண்டிய காரணம் ஒன்று இருந்தது. பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கும்போது அப்பா பக்கத்தில் அம்மா உட்கார்ந்து தண்ணீர் வார்க்க வேண்டும். அவர் இல்லையென்றால் வக்கீலும் மனையில் உட்கார முடியாது. வேறு தம்பதி உட்கார்ந்து அவர் பெண்ணைக் கொடுத்துவிடுவார்கள்.

ஹீட்டரில் சூடே வரவில்லை, எப்படியாவது சரிபண்ணு என்று வக்கீல் வந்து நின்றார். ரெண்டு நாள் வேலைங்க என்று மார்தட்டினேன். பெட்டியைக் கழற்றிக் கழுவினேன். ரப்பர் குழாயெல்லாம் புதுசாக மாற்றினேன். கால் வைக்கிற இடத்தில் இருந்த ஓட்டைகளைச் சாக்கு வைத்து அடைத்தேன். அப்படியும் யாரோ வாயால் ஊதின மாதிரிதான் காற்று வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நானும் பெட்டி மக்கிப்போச்சு என்று சொல்லிவிட்டேன். வக்கீல் கோபப்படவில்லை. வண்டியை நன்றாக அறிந்தவன் நீதான், நீயே ஓட்டிக்கொண்டு போய் அழைத்து வா என்றார்.

கல்யாணத்துக்கு முதல்நாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே வேன் ஓட்டுகிற தெலுங்குக்காரர் ஒருவர் இருந்தார். நான் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு முழிப்பதைப் பார்த்து வந்தவர், இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகிற மேல் குழாயை உள்ளங்கையால் பிடித்துப் பார்த்தார்.

"வால்வு லேது" என்றார்.

வால்வு இல்லை என்று அவர் சொன்னது சத்தியமான வார்த்தை. தண்ணீர் சூடேறுகிறவரை அதை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கிற வால்வு ஒன்று உண்டு. எங்கள் ஊர் ஷெட்டுகளில் புது வண்டி வந்தால் முதல் வேலையே அதைக் கழற்றி எறிவதுதான். நம் வெயிலுக்கு அது இருந்தால் இன்ஜின் கொதித்துவிடும் என்று எல்லோரும் நம்பினோம். வக்கீல் வண்டியிலும் நான்தான் கழற்றினேன், அவரிடம் சொல்லாமலே. தண்ணீரே சூடாகாதபோது ஹீட்டர் மட்டும் எப்படிச் சூடாகும்? இத்தனை வருஷம் ஸ்பானர் பிடித்தவனுக்கு அது தோன்றவில்லை.

தன்னிடம் பொருத்தமான வால்வு ஒன்று இருக்கிறது, பத்து நிமிஷத்தில் போட்டுவிடலாம் என்று அவர் தெலுங்கில் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கோ சுருக்கென்றது.

"எங்க வண்டிய பாத்துக்க எங்களுக்குத் தெரியும். எல்லாத்துலயும் நீங்களே வந்து நின்னுக்கினு இருக்காதீங்க" என்றேன்.

தமிழ் அவருக்குப் புரியும். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனபிறகு நான் செய்ததுதான் அசட்டுத்தனத்தின் உச்சம். மருந்துப் பெட்டி அட்டை ஒன்றைக் கிழித்து, ரேடியேட்டர் முகத்தை முழுசாக மூடிக் கட்டினேன். காற்றுப் படாவிட்டால் தண்ணீர் சூடாகத்தானே வேண்டும்? ஓடவிட்டுப் பார்த்தேன், ஹீட்டரில் நல்ல சூடு வந்தது. யாருடைய வால்வும் எனக்கு வேண்டாம் என்று மனசுக்குள் கொக்கரித்தேன்.

மறுநாள் விடிவதற்கு முன் அந்தம்மாவைக் கம்பளி சுற்றிக் கூட்டிவந்தார்கள். உள்ளே பட்டுப்புடவை கட்டியிருந்தார். கொஞ்ச தூரம் போனதும் காலை ஹீட்டர் பக்கம் நீட்டிக்கொண்டார்.

"தம்பி, கால் சுடுது. எங்க வூட்டு அடுப்பாண்ட உக்காந்துக்கினு இருக்கிற மாதிரி இருக்குது" என்றார்.

பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பெண்ணுக்கு என்ன நகை, பையனுக்கு எந்த ஊரில் வேலை என்றெல்லாம் அவர் பேசிக்கொண்டு வந்தார். நானும் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். சூடு காட்டுகிற முள் எப்போதோ செத்துப்போயிருந்தது. புங்கனூர் தாண்டி ஒரு ஏற்றத்தில் கண்ணாடியெல்லாம் ஆவி மூடி வண்டி நின்றது.

இறங்கியதும் நான் முதலில் செய்தது, அந்த அட்டையைப் பிய்த்து முள்ளுப் புதருக்குள் எறிந்தது. அப்புறம்தான் இன்ஜினைப் பார்த்தேன். பதற்றத்தில், நேற்றுத் தொழிலுக்கு வந்தவன்கூடச் செய்யாத காரியத்தைச் செய்தேன். பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை அப்படியே கொதிக்கிற இன்ஜினில் ஊற்றினேன். படக்கென்று ஒரு சத்தம் கேட்டது. இன்ஜின் இரும்பு விரிசல் விட்டுவிட்டது.

அந்த மேட்டுப் பூமியின் தைக் குளிர் எலும்புக்குள் இறங்கும். என் சட்டையைக் கழற்றிக் கதவிடுக்கில் சொருகினேன். அப்படியும் அந்தம்மா நடுங்கினார். சித்தூர் பக்கம் போகிற பஸ் ஒன்றுகூட வரவில்லை. மணி என்ன தம்பி என்று கேட்டார். என் கையில் கடிகாரம் இருந்தது. இன்னும் நேரம் இருக்குதும்மா என்றேன். கொஞ்சம் கழித்து மறுபடியும் கேட்டார், மறுபடியும் அதே பொய்யைச் சொன்னேன். மூன்றாவது தடவை என்னைக் கேட்கவில்லை. கதவுக் கண்ணாடி வழியாகச் சூரியனைப் பார்த்தார்.

"தாரை வார்த்திருப்பாங்க தம்பி. போதும், திரும்பிடலாம்" என்றார்.

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மதனப்பள்ளி பக்கம் போகிற பஸ்தான் முதலில் வந்தது. ஏற்றிவிடக் கையைப் பிடித்தபோது காய்ச்சலில் கை கொதித்தது. நானும் கூடவே ஏறிக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசலில் அவரைத் தாங்கி இறக்கியது அதே வேன் டிரைவர். பட்டுப்புடவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அந்தம்மாவை உள்ளே அழைத்துக்கொண்டு போய்விட்டார். நாலு வார்த்தை திட்டமாட்டாரா என்று இருந்தது எனக்கு.

இரண்டு நாள் கழித்து வக்கீல் ஷெட்டுக்கு வந்தார். எப்படி ஆச்சு என்று கேட்டார். பழைய வண்டிங்க, ரேடியேட்டர் அடைச்சிக்கிச்சு என்றேன். நம்பிவிட்டார்.

"உன் மேல தப்பு இல்லப்பா. நீ எம்மாம் பாடுபட்டேன்னு எனக்குத் தெரியும். என் தம்பியும் அவன் பொண்டாட்டியும் உக்காந்து தாரை வார்த்துட்டாங்க. பொண்ணுதான் வாசலையே பாத்துக்கினு இருந்தா" என்றார்.

தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அதைவிட அவர் செருப்பால் அடித்திருக்கலாம்.

அந்தம்மாவுக்கு அதன்பிறகு வெளியே போக அனுமதி கிடைக்கவே இல்லை. அடுத்த மழைக்காலத்தில் அங்கேயே இறந்துபோனார். நோய் முன்பே முற்றியிருந்தது என்று டாக்டர்கள் சொன்னார்களாம். இருக்கலாம். அந்தக் கல்யாணத்தைக் கெடுத்தது நோய் இல்லையே.

எல்லைக் கோடு முடிவானபோது, மெட்ராஸுக்குச் சேர்ந்த திருத்தணிப் பக்கம் வக்கீல் குடிபோனார். சாமான் ஏற்ற நானும் போனேன், அன்றைக்காவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். பீரோவைத் தூக்கி வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன்.

தெலுங்குக்காரர் சொன்னதால்தான் வீம்பு பிடித்தேன் என்று ரொம்ப காலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். அவர் வால்வைப் போட்டுக் கொடுத்தால், அதைக் கழற்றியவன் நான் என்பது வெளியே தெரிந்துவிடும், அந்தப் பயத்துக்கு மொழியை முக்காடாகப் போட்டுக்கொண்டேன். பத்து நிமிஷம் தலைகுனிந்து நிற்க மனசில்லாமல் போனவன், இந்த வயசிலும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் தாரை வார்க்கிற நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.