மிளகிலையின் நுனியில் இரண்டு மில்லிமீற்றர்

லோஜினிக்கு இருபத்தொன்பது வயது. கண்டி மஹய்யாவ வீட்டிலிருந்து நடந்தே வேலைக்கு வருகிறாள். கட்டுகஸ்தோட்டை வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில் உள்ள சிறிய லேபல் அச்சகத்தில், அச்சுக்குப் போகும் கோப்புகளைத் தயாரிப்பது அவள் வேலை. சதுரமும் வட்டமுமான லேபல்களை எங்கும் அடிக்கலாம். இங்கே வருகிறவர்கள் மாங்காய், கிளி, தேயிலைக் கொழுந்து என்று விரும்பிய உருவத்தில் வெட்டித் தரச் சொல்வார்கள்.

அவர்கள் கொண்டுவரும் படம் அப்படியே அச்சுக்குப் போகாது. எங்கே வெட்டுவது என்று காட்டும் கோட்டை லோஜினி தனியாக ஊதா நிறத்தில் வரைவாள். அந்தக் கோடு அச்சில் விழாது. படத்தின் நிறம் அதற்கு வெளியே மூன்று மில்லிமீற்றர் நீண்டிருக்க வேண்டும். எழுத்து உள்ளே மூன்று மில்லிமீற்றர் ஒதுங்கி நிற்க வேண்டும். தாள் சற்று அசைந்தாலும் வெள்ளை விளிம்பு தெரியக்கூடாது, எழுத்து அறுபடக்கூடாது. அதே கோடு கொழும்புக்கும் போகும். அங்கே பெரியதம்பி என்பவர் அதன்படி எஃகுத் தகட்டை வளைத்துப் பலகையில் பதித்து, பஸ்ஸில் பார்சலாக அனுப்புவார். தாளை வெட்டும் அந்தப் பலகைக்கு அச்சகத்தில் டை என்று பெயர்.

லோஜினியைத் திறமைசாலி என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. வேகம் குறைவு. நிறங்களைத் தேர்வதிலும் சுமார்தான். ஆனால் பயப்படத் தெரிந்தவள். இந்த வேலைக்கு அது பாதித் தகுதி. எந்த லேபலையும் உண்மையான அளவில் ஒரு தாளில் அடித்து, சிறிய கத்தரிக்கோலால் கோட்டின்படி வெட்டி, வாடிக்கையாளரின் போத்தலில் ஒட்டிப் பார்க்காமல் விடமாட்டாள்.

நாலு வருடம் அவள் பின்னறையின் நீள மேசையருகே நின்று, வெட்டிய லேபல்களை அடுக்கிக் கட்டுப் போட்டவள். கணினியைத் தானாகப் பழகிக்கொண்டாள். எட்டு மாதத்துக்கு முன் முதலாளி கிருஷ்ணராஜ் அவளுக்கு முன்னறையில் ஒரு கதிரை கொடுத்தார்.

"ஒரு டை வீணாப் போச்சுன்னா திரும்ப மேசைதான்மா," என்றார் அன்று, சிரித்துக்கொண்டே. லோஜினி அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கோப்பை அனுப்பும்போதும் அந்த நீள மேசை அவள் நினைவுக்கு வரும்.

அலவத்துகொடையிலிருந்து ஹில்மி வந்தது ஒரு திங்கட்கிழமை. மிளகுத்தூள் போத்தலுக்கு மிளகு இலை வடிவத்தில் லேபல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கண்டியில் ஒரு விற்பனைக் கண்காட்சியில் கடை போடுகிறார். நடுவில் வியாழன் பௌர்ணமிப் போயா விடுமுறை. எழுத்து வேலை முடியும் வரை காத்திருந்தால் டை வந்து சேராது என்பதால், இலையின் கோட்டை மட்டும் அன்றே வரைந்து லோஜினி கொழும்புக்கு அனுப்பிவிட்டாள். அப்படி அவசரமாக அனுப்புவது அவள் வழக்கம் அல்ல.

புதன்கிழமை எழுத்துகளை அடுக்கினாள். மிளகு இலை மேலே அகன்று கீழே கூர்மையாகிறது. அகன்ற இடத்தில் சிங்களம், நடுவில் ஆங்கிலம், நுனியில் தமிழ். எல்லா லேபல்களிலும் இதுதான் வரிசை. யாரும் கட்டளையிட்டதில்லை; யாரும் மாற்றுவதுமில்லை. நுனியில் இடம் போதாததால் தமிழை மற்ற இரண்டின் பாதியளவுக்குச் சுருக்க வேண்டியிருந்தது. சுருக்கிப் பார்த்தாள். எறும்பு வரிசை போலத் தெரிந்தது. இப்படி எத்தனையோ லேபல்களில் சுருக்கியவள்தான். அன்று ஏனோ கை வரவில்லை. எழுத்தைப் பெரிதாக்கி, இலையின் நுனியைப் பிடித்துக் கீழே இரண்டு மில்லிமீற்றர் இழுத்துவிட்டாள்.

தாளில் அடித்து வெட்டி ஒட்டிக் காட்டியபோது ஹில்மிக்குப் பிடித்திருந்தது. அன்று பின்னேரமே முந்நூறு தாள் அச்சானது. டை எந்தக் கோட்டில் செய்யப்படுகிறது என்பது அவள் நினைவுக்கே வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை டை வந்தது. வெட்டு இயந்திரத்தில் வேலை செய்யும் ருஷ்தி பார்சலைப் பிரித்துப் பலகையை மேசையில் வைத்தபோது மணி பன்னிரண்டைத் தொட்டிருந்தது. தான் வெட்டிய மாதிரி இலையை லோஜினி தகட்டின் மேல் வைத்தாள். எஃகு விளிம்பைத் தாண்டி நுனி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"என்ன தங்கச்சி, உன்ட இலை வளந்திட்டா?" என்றார் ருஷ்தி. அவள் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "எவ்வளவு வித்தியாசம் ஈக்கி?"

"ரெண்டு மில்லி, நானா. இப்படியே வெட்டினா, தாள் கொஞ்சம் அசைஞ்சாலும் தமிழ் எழுத்து அறுந்துபோகும்."

"முதலாளி சேருக்குச் சொல்லிட்டியா?"

"பேங்குக்குப் போயிருக்காரு."

ருஷ்தி தொப்பியை எடுத்துக்கொண்டார். ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. "டைக்காரர் பிழையா வளைச்சிட்டார்னு சொல்லிரு. அந்த மனுசன் கொழும்புலேந்து வந்து உன்னோட சண்டை பிடிக்கவா போறார்? நான் தொழுதுட்டு ஒன்றரைக்கு வாரன். அதுக்குள்ள யோசி."

இயந்திரம் நின்றிருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் லோஜினி சோற்றுப் பார்சலைத் திறக்கவே இல்லை. ருஷ்தி சொன்னது நடக்கக்கூடியதுதான். திங்கட்கிழமை போன மின்னஞ்சலை முதலாளி திறந்து பார்க்கப்போவதில்லை. இன்னொரு வழியும் இருந்தது. எதுவும் சொல்லாமல் வெட்ட விட்டால், தாள் அசைந்துவிட்டது என்று ஆகும். பழி ருஷ்தியின் பக்கம் சாயும். பயம் வழிகளைத் தேடித் தரும்போது அவை எல்லாம் நியாயங்களைப் போலவே வருகின்றன. கொழும்பில் இருப்பவருக்கு இதனால் என்ன நட்டம் என்று ஒரு கணம் அவளுக்கும் தோன்றியது.

பெரியதம்பிக்குத் தொலைபேசி எடுத்தாள். எதைக் கேட்பதற்கு என்று அவளுக்கே தெளிவில்லை.

"ஓம் பிள்ளை, டை கிடைச்சதோ?" என்றார் அவர். "நீங்கள் அனுப்பின கோட்டில இருந்து மயிரிழை விலகேல்ல. அந்த நுனியை மட்டும் மூண்டு தரம் வளைச்சனான். ஏன், ஏதும் பிழையோ?"

"இல்லங்கய்யா. கிடைச்சிருச்சுன்னு சொல்லத்தான் எடுத்தேன். புதுசா ஒண்ணு செய்யிறதுன்னா எத்தனை நாளாகும்?"

"புதன்கிழமைக்கு முன்னம் ஏலாது பிள்ளை."

தொலைபேசியை வைத்தபோது ஒரு வழி அடைபட்டிருந்தது. மூன்று தரம் வளைத்தேன் என்று சொன்ன மனிதரின் மேல் பழியைப் போட அவளால் முடியாது. அதை நேர்மை என்று உயர்த்திச் சொல்ல வேண்டியதில்லை. அவர் குரலைக் கேட்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்பது யாருக்கும் தெரியாது.

ஒன்றேகாலுக்குக் கிருஷ்ணராஜ் வந்தார். குடையை மடிப்பதற்குள் லோஜினி எதிரே நின்றாள்.

"சேர், டை சரியாத்தான் வந்திருக்கு. நான்தான் பிழை விட்டுட்டேன். டைக்குக் கோடு அனுப்பின பிறகு கோப்புல நுனிய இழுத்துட்டேன்."

அவர் குடையைக் கதிரையில் சாய்த்துவிட்டு மாதிரியை வாங்கிப் பார்த்தார். "ஏம்மா இழுத்த?"

"தமிழ் ரொம்பச் சின்னதா இருந்திச்சு சேர். வாசிக்க ஏலாது."

"அப்போ என்கிட்ட சொல்லியிருக்கணும். டையை நிப்பாட்டியிருக்கலாம்."

"ஆமா சேர்."

அவர் கத்தவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. ருஷ்தி வந்ததும் மூவரும் இயந்திரத்தருகே நின்றார்கள். டையை ஒரு மில்லிமீற்றர் கீழே இறக்கி ஒரு தாளை வெட்டச் சொன்னார் கிருஷ்ணராஜ். சுற்றிலும் நிறம் தாராளமாக நீண்டிருந்ததால் வெள்ளை தெரியவில்லை. மேலே சிங்களமும் கீழே தமிழும் விளிம்பைச் சற்று நெருங்கி நின்றன. எதுவும் அறுபடவில்லை.

"தமிழை முழுசாக் காப்பாத்தணும்னா இன்னும் ஒரு மில்லி இறக்கணும். அப்ப சிங்களம் விளிம்போட ஒட்டிக்கும்," என்றார். "என்ன சொல்ற?"

"இது போதும் சேர். ரெண்டும் நெருக்கமாவே இருக்கட்டும்."

ஹில்மியை அழைத்தார்கள். அவர் வந்து சேர முக்கால் மணி நேரமானது. லோஜினிக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஹில்மி லேபலைப் போத்தலில் ஒட்டி, கையை நீட்டித் தூரத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புதன்கிழமை காட்டினத விட இலை கொஞ்சம் கட்டையா ஈக்கே?"

"எங்க பக்கத்துப் பிழை ஹாஜியார்," என்றார் கிருஷ்ணராஜ். "வேணாம்னா புதன்கிழமை புது டை வரும். செலவு எங்களோடது. ஆனா ஞாயித்துக்கிழமைக்கு ஆகாது."

ஹில்மி மறுபடி பார்த்தார். "மிளகுக் கொடியில எல்லா இலையும் ஒரே மாதிரியா முளைக்குது? வெட்டுங்க."

அவர் போன பிறகு கிருஷ்ணராஜ் லோஜினியின் பக்கம் திரும்பினார்.

"இன்னிக்கு ருஷ்தி பக்கத்துல நின்னு ஒவ்வொரு தாளையும் பாரு. ஒரு எழுத்து அறுந்தாலும் நிப்பாட்டு. திங்கக்கிழமை உன் கதிரைக்கு வா. டைக்குப் போன கோட்டை இனிமே யாரும் தொடக்கூடாது, நான் சொன்னாலும்."

"சரி சேர்," என்றாள்.

கதிரை போகவில்லை என்பது தெரிந்த பிறகும் அவள் பயம் போகவில்லை. முந்நூறு தாள். ஒவ்வொரு முறை இயந்திரம் அழுத்தும்போதும் அவள் மூச்சைப் பிடித்தாள். தாள் வெளியே வந்து நுனியைப் பார்த்த பிறகே விட்டாள்.

"மூச்ச விடு தங்கச்சி," என்றார் ருஷ்தி. "நீ இப்படி நிண்டா எனக்குக் கை நடுங்கி நெசமாவே அறுத்திருவன்."

லோஜினி சிரிக்கப் பார்த்தாள். அடுத்த தாள் வந்தது. குனிந்து நுனியைப் பார்த்தாள்.