சத்தம் வேறு, பயம் வேறு

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, சாட்சி சொல்கிறவர்களைச் சந்தேகமாகப் பார்க்கிற ஆள் நான். என்னையும் நீங்கள் அப்படியே பாருங்கள், பரவாயில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எனக்கு ஆட்டிசம் உண்டு. கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் குவாலிட்டி செக்கிங் வேலை. போன வருடம் மழைக்காலத்தில் என் பக்கத்திலேயே கம்ப்ரசர் டேங்க் வெடித்தது. யாரும் சாகவில்லை. ஆனால் நான் தினமும் செத்துச் செத்துப் பிழைத்தேன். குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன். தூங்கினால் அதே வெடிப்புதான்.

ஒருநாள் தாம்பரம் மார்க்கெட் அருகே மூன்று வயது மகள் எஸ்தரோடு ரோட்டைக் கடந்தேன். ஒரு பைக்கின் சைலன்சர் படாரென்று வெடித்தது. நான் அவள் கையை விட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். குழந்தை நடுரோட்டில் தனியாக நின்றது. பூ விற்கிற அக்கா ஒருவர் ஓடிவந்து தூக்கினார். அதன்பின் என் மனைவி ஷீபா பிள்ளையை என்னோடு வெளியே அனுப்பவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டேன்.

டாக்டரிடம் போனோம். "ஆட்டிசம் இருந்தா சத்தம் ஆகாது சார், அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார். சின்ன வயதிலிருந்தே சத்தம் எனக்கு வலி. இது வலி இல்லை, பயம். எத்தனை பேரிடம்தான் சொல்வது! பிறகு ஜெபக்குழு வீட்டுக்கு வந்தது. பயத்தின் ஆவியைத் துரத்துகிறோம் என்று கைதட்டி உரத்த சத்தமாய் ஜெபித்தார்கள். நான் பாத்ரூமுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டேன். "பாத்தீங்களா, ஆவி ஓடுது!" என்றார் ஒரு அண்ணன். ஓடியது ஆவி இல்லை ஐயா, நான்! உள்ளேயே அழுது ஜெபித்தேன். "ஆண்டவரே, நான் சொல்வதைச் சொன்னபடியே நம்புகிற ஒருவரையாவது காட்டும்."

அடுத்த வாரமே ஷீபாவின் தோழி சேலையூரில் ஒரு சைக்காலஜிஸ்ட் மேடம் இருப்பதாகச் சொன்னாள். இதுதான் பதிலா என்று எனக்குச் சந்தேகம். மேடம் மேல் அதைவிடச் சந்தேகம். வெடிப்பை மனதில் நினைக்கச் சொல்லி, என் கண்ணுக்கு முன்னால் இரண்டு விரலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி, கண்ணாலேயே அதைத் தொடரச் சொன்னார்.

"வசியமா மேடம்?" என்று நேராகவே கேட்டேன்.

"இல்லங்க சார், பயந்துபோன ஞாபகத்த ஆத்துற சிகிச்சைதான். விரல் பிடிக்கலன்னா விட்டுடலாம். உங்க முட்டியில நீங்களே மாத்தி மாத்தித் தட்டிக்கோங்க. என் முகத்தப் பாக்கணும்னும் இல்ல. ஒண்ணு மட்டும் சொல்லுங்க, அந்தச் சத்தம் வலிக்குதா, பயமுறுத்துதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது.

ஆனாலும் லேசில் நம்பிவிடவில்லை. மாதக்கணக்கில் அவரிடம் போய், முட்டியைத் தட்டிக்கொண்டே கேள்வி கேட்டுக் குடைந்தேன். அவர் சலித்துக்கொள்ளவே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக வெடிப்பு கனவில் வருவது நின்றது. ஆட்டிசம் போகவில்லை. அது போகவேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

போன மாதம் ஷீபா தானாகவே, "பாப்பாவக் கூட்டிக்கிட்டுப் போய் பால் வாங்கிட்டு வாங்க" என்றாள். திரும்பி வரும்போது பக்கத்தில் ஒரு லாரியின் டயர் வெடித்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. நின்ற இடத்திலேயே நின்றேன்.

"அப்பா, கை வலிக்குதுப்பா" என்றாள் எஸ்தர். அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன். ஸ்தோத்திரம் ஆண்டவரே!

யாராவது இப்படித் தவித்தால் ஜெபியுங்கள், சிகிச்சைக்கும் போங்கள். முழு விசுவாசம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நான் சந்தேகத்தோடுதான் கேட்டேன். கர்த்தர் அதற்காக என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை.